உன் இடது காதில் மூன்று தழும்புகள்

மகனுக்கு,

இதை நான் தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாலு வருடம் போயும் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆரணி ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தும் நன்றாக வாசிப்பாள். அவளிடம் கொடு, உனக்குச் சத்தமாக வாசிக்கட்டும். என் மருமகளின் வாயால் இதெல்லாம் வெளியே வரப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். பெயர் போடாமல் இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். கனடாவில், மல்வேர்னில் நாங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்திலேயே என்னைப் போன்ற கை உள்ள தாய்மார் இருக்கிறார்கள். லிஃப்டில் அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்த்தாலே எனக்கு விளங்கும்.

உன் தொழிலைப் பற்றி எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். அப்பா ஒன்ராறியோ லைசென்ஸோடு பக்கத்து மாகாணத்து மொன்றியலுக்குக் கார் ஓடுகிறார், ஒருவரும் மறித்துக் கேட்பதில்லை. விமானமும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நீ ஒஷாவாவில் பறக்கப் பழகி, இங்கத்தைய லைசென்ஸ் எடுத்து, வடக்கே பனிக்காட்டு ஊர்களுக்குச் சின்ன விமானத்தில் இரண்டு வருடம் சாமான்களும் நோயாளிகளும் ஏற்றிப் பறந்தாய். பிறகு லண்டனில் இருக்கும் என் தம்பி போனில் உன்னிடம் சொன்னான்: “இஞ்ச வந்து எடு மருமோன், இஞ்ச எடுத்தால் முழு ஐரோப்பாவுக்கும் செல்லும்.” அவன் சொன்னபோது அது உண்மைதான். கனடா லைசென்ஸ் அங்கே செல்லாது என்று நீ எல்லாப் பரீட்சையையும் முதலில் இருந்து எழுதினாய். எழுதி முடித்து லைசென்ஸைக் கையில் வாங்கியபோது அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பிரான்ஸ் கொடுத்தது போலந்தில் செல்லும், போலந்து கொடுத்தது நோர்வேயில் செல்லும், லண்டனில் கொடுத்தது கடலைத் தாண்டினால் செல்லாது என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதற்குள் ஆரணியைச் சந்தித்திருந்தாய், அவளுக்கு வேலை ஒஸ்லோவில். அதனால் மூன்றாம் தரமும் பரீட்சை எழுதினாய், மூன்றாம் தரமும் மருத்துவச் சோதனைக்குப் போனாய்.

லண்டனில் இருந்த உன் மருத்துவப் பதிவுகளை நோர்வேக்காரர் எடுப்பித்தார்கள். லைசென்ஸ் ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குச் செல்லாவிட்டாலும் உடம்பு வருத்தத்தின் கதை செல்லும் போலிருக்கிறது. அதில், பதினான்கு வயதில் இடது காதில் பந்து பட்டு செவிப்பறை கிழிந்தது என்று எழுதியிருந்தது. அங்கத்தைய காது டொக்டர் அந்தக் காதுக்குள் நெடுநேரம் பார்த்தாராம். நீ இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலை, நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டில் வைத்திருந்தேன்.

“அம்மா, பந்து பட்டதெண்டால் ஒரு தழும்புதானே இருக்கோணும், மூண்டு இருக்குதாம்” என்றாய். “காதுக்குள்ள அடிக்கடி வருத்தம் வந்து வெடிச்சதோ எண்டு டொக்டர் கேக்கிறா. அப்பிடியெண்டால் மேல போகேக்க தலை சுத்துமாம். என்னைப் பறக்க விடமாட்டினம்.”

“நீ என்ன சொன்னனி?”

“உண்மையைச் சொன்னனான். நீங்கள் அடிச்சதெண்டு.”

நான் மீனை வெட்டிக்கொண்டே நின்றேன். நீ தொடர்ந்து பேசினாய். பழைய பதிவில் ஒரு கதை, உன் வாயில் இன்னொரு கதை. எது உண்மை என்று அவர்களுக்கு எழுத்தில் வேண்டும். அடித்த ஆளே சத்தியக் கடதாசி கொடுத்தால்தான் மேலே போகலாம் என்றாய். “ஐ நீட் யூ ரு ஸே இற், அம்மா” என்றாய், நீங்களே அதைச் சொல்லவேண்டும் என்று. நான் கத்தியைச் சிங்க்குக்குள் எறிந்தேன். அது தட்டிலே பட்டுத் தெறித்துக் கீழே விழுந்து என் காலுக்குப் பக்கத்தில் சுற்றியது. “உன்னைத் தூக்கி வளத்த கையை நீயே காட்டிக் குடுக்கிறியோ?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. “அந்தக் காது முழுசாப் போயிருக்கோணும். போயிருந்தால் நீ இஞ்சயே கிடந்திருப்பாய்” என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். ஆரணி அந்த நேரம் பக்கத்தில் நின்றாளோ தெரியாது. நிற்கவில்லை என்றால் இப்போது அறிந்துகொள்ளட்டும்.

எனக்கு நினைவில் இருந்தது ஒரே ஒரு அடி. உனக்குப் பதினான்கு வயது. கணக்கு ரியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒஷாவாவுக்கு பஸ் ஏறிப்போய், விமானம் இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாய். ரியூஷன் மாஸ்டர் எனக்கு போன் எடுத்துவிட்டார். நான் கோழி வெட்டும் பக்டரியில் எட்டு மணித்தியாலம் நின்று, முதுகும் நாரியும் கையும் விறைத்துப்போய், அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கே போனாய் என்று கேட்டேன். “கிளாஸுக்கு” என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் உள்ளங்கையை விரித்து உன் காதைப் பொத்தி அடித்தேன். அந்தக் கை நாள் முழுக்கக் கோழியின் தொடையை மூட்டோடு கழற்றிய கை, அதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன். நீ ஹீட்டரில் போய் முட்டி, சரிந்து இருந்தாய். காதில் இருந்து இரத்தம் கோடாக வந்து சேர்ட் கொலரில் இறங்கியது. நீ அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாய். நான் சொல்வது உனக்குக் கேட்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. கேட்காததால் இன்னும் ஒன்று போடக் கையை ஓங்கினேன். அப்பா இடையில் வந்து நின்றார்.

எமேர்ஜென்சியில் நேர்ஸ் கேட்டபோது முதலில் வாயைத் திறந்தது அப்பா. “பந்து பட்டிட்டுது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பொய் சொல்லி நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. நேர்ஸ் உன்னைப் பார்த்தாள். துவாயைக் காதில் பொத்திக்கொண்டு நீ தலையாட்டினாய். அவள் எழுதினாள். அந்த ஒரு வரிதான் லண்டனுக்குப் போய், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து உன் முன்னால் நின்றது.

ஆகவே முதலில் நான் உனக்கு அனுப்பிய கடதாசியில் ‘ஒரு தரம்’ என்று எழுதினேன். அதையே எழுதி முடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ வாசித்துவிட்டு அமைதியாகச் சொன்னாய்: “மூண்டு தரம் அம்மா.” நான் உன்னைப் பொய்யன் என்றேன், போனை வைத்தேன். ஒன்பது நாள் நீ எடுத்தாலும் நான் பதில் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை அப்பா பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட வெளிக்கிடும் நேரம். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “இஞ்சேர், மூண்டுதான்.”

என் கையில் இருந்த பிளேற்றை அவரை நோக்கி எறிந்தேன். அது அவருடைய தோளைத் தாண்டிச் சுவரில் பட்டு நொறுங்கியது. ஒரு துண்டு அவர் கன்னத்தில் கீறி இரத்தம் வந்தது. அவர் அசையவில்லை. பட்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். உனக்கு ஏழு வயதில், அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில், யாருடைய சீலையிலோ நீ சோடாவை ஊற்றிவிட்டாய் என்று நான் உன்னை பாத்ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினேன். வெளியே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நீ வெளியே வந்தபோது காதுக்குள் வண்டு நிற்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். உனக்குப் பதினொரு வயதில், ஒரு மாரி காலம், ஹைவேயில் காருக்குள். என்னத்துக்கோ நீ என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்தாய் என்று, முன் சீற்றில் இருந்தபடி திரும்பி அடித்தேன். அப்பா காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் பனியில் நின்றார். லொறிகள் போகும் காற்றில் கார் ஆடியது. நீ பின் சீற்றில் காதைப் பிடித்துக்கொண்டு இருந்தாய், நான் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“நீங்கள் ஏன் என்னைப் பிடிச்சு நிப்பாட்டேல்லை?” என்று அவரைக் கேட்டேன்.

“பயம்” என்றார். “அவனுக்கும் எனக்கும் ஒரே பயம்தான்.”

அவர் சொல்லச் சொல்ல எனக்கு இரண்டும் நினைவு வந்தன. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள்கூட நினைவு வந்தது. இவ்வளவு காலமும் அவை எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. அடித்தவளுக்கு மறந்துபோகிறது, மகனே. இதை எழுதும்போதும், நாலாவது ஒன்று இருக்கிறதோ, இருந்தால் அது உனக்கு மட்டும்தான் தெரியுமோ என்று யோசிக்கிறேன்.

எங்கள் ஆட்கள் பலர் ஊரில் நடந்த போரைச் சொல்வார்கள். ஷெல்லும் ஆமியும் செக் பொயின்றும் பார்த்து வந்தவர்கள், அதுதான் கை நீளுகிறது என்பார்கள். நானும் எனக்குள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அப்பாவும் அதே ஊரில் இருந்துதான் வந்தார். என்னைவிட அதிகம் பார்த்தவர். அவருடைய அண்ணனை வீட்டு வாசலில் வைத்து அடித்தே கொன்றார்கள், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரின் கை உன் மேல் ஒரு நாளும் எழும்பவில்லை. அதனால் அந்தக் காரணத்தை நான் எடுக்கமாட்டேன். பக்டரியையும் எடுக்கமாட்டேன். என் பக்கத்தில் நின்று கோழி வெட்டிய பெண்களில் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டவர்கள்தான்.

சத்தியக் கடதாசி எழுத, அஜின்கோர்ட்டில் ஒரு லோயரின் ஒபிசுக்கு அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கன்னத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. லோயர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை, உன் வயதிருக்கும். நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் ரைப் அடித்துக்கொண்டு வந்தவள் பாதியில் கையை எடுத்தாள்.

“அன்ரி, இது உங்களுக்கு எதிராவும் பாவிக்கக்கூடிய கடதாசி. விளங்குதோ? வடிவா யோசிச்சிட்டுக் கையெழுத்து வையுங்கோ. வேணுமெண்டால் நாளைக்கு வாங்கோ.”

“யோசிச்சிட்டன். அடியுங்கோ.”

“எத்தினை தரம் எண்டு போட?”

“காதில மூண்டு தரம்” என்றேன். “மத்த இடங்களில நான் எண்ணேல்லை.”

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முழுவதையும் வாசித்துத் தமிழில் சொன்னாள். என் வாயில் வந்தது வேறொரு பெண்ணின் குரலில் திரும்பி வந்தபோது, எழும்பி அவளுடைய வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கையெழுத்து வைத்தேன்.

இப்போது உனக்கு நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். அந்தக் கடதாசியில் இல்லாதது இது. உனக்குப் பதினெட்டு வயதில் ஒஷாவாவில் பறக்கப் பழக இடம் கிடைத்து வந்த கடிதத்தை நான் கிழிக்கப் போனேன். நீ என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாய். எலும்பு உடைந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நீதான் காரில் என்னை அதே எமேர்ஜென்சிக்குக் கொண்டுபோனாய். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அந்த நேர்ஸ் ஜன்னலால் வெளியே பார்த்தாள். அது மே மாதம், வெளியே மரமெல்லாம் பச்சை. படியில் விழுந்தேன் என்று மாற்றிச் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது, சிவப்பு லைற்றில், கார் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதாய். ஆனால் அதற்கு முன்னால், எலும்பு உடைந்த அந்தக் கணத்தில், நான் உன் முகத்தைப் பார்த்தேன். அங்கே பயம் இல்லை. கவலையும் இல்லை. நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவனின் முகம் அது.

அந்த முகம் எனக்குத் தெரியும். அடித்த பிறகு உடம்பு லேசாகும், மகனே. இதை ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள். கோபம், கவலை, வளர்க்கிற பொறுப்பு என்று எல்லாவற்றையும் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். நான் உன்னை அடித்த ஒவ்வொரு தரமும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், என் நெஞ்சு காலியாகி நல்ல மூச்சு வந்தது. பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கத்துக்காக நான் நிறுத்தியிருப்பேன். அந்த லேசுக்காகத் திரும்பத் திரும்பப் போனேன். அது உனக்கும் ஒரு தரம் கிடைத்துவிட்டது. உனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, நித்திரை இல்லாமல், வேலையால் வந்து, அந்தப் பிள்ளை கத்திக்கொண்டே இருக்கும் ஒரு நாளில் உன் உடம்பு அதைத் தேடும். தேடும்போது, நான் அம்மாவைப் போல இல்லை என்று உனக்குள் சொல்லிக்கொண்டு நிற்காதே. நானும் என் அம்மாவைப் போல இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றேன். பிள்ளையை ஆரணியிடம் கொடுத்துவிட்டு வெளியே போ. அவள் வீட்டில் இல்லாவிட்டால் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்து. கத்தட்டும். கத்துவதால் செவிப்பறை கிழியாது.

ஆரணி, இதை வாசிக்கிற உனக்கும் ஒன்று. அவனுக்குப் பயந்து நீ பனியில் இறங்கி நிற்கக்கூடாது. என் வீட்டில் ஒருவர் அப்படி நின்றார். பயத்தில் நின்றவர் என்று அறிந்தும், அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது நியாயமில்லை என்று தெரியும். இருந்தும் இருக்கிறது.

கடதாசி போய்ச் சேர்ந்து, டொக்டர் உன் காதை இன்னும் இரண்டு தரம் சோதித்து, இது வருத்தத்தால் வந்தது இல்லை, அடியால் வந்தது, ஆறிவிட்டது, இனி வெடிக்காது என்று எழுதினார். கீச்சென்ற உயர்ந்த சத்தம் அந்தக் காதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், பறக்க அது தடையில்லை என்றார். நோர்வே உனக்கு லைசென்ஸ் தந்தது. அதன் படத்தை நீ அனுப்பியபோது அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இனி இது அந்த நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும், ஒருவரும் திரும்பப் பரீட்சை எழுது என்று கேட்கமாட்டார்கள் என்றாய். நன்றி என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அருவருப்பாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு நீ போன் எடுத்தாய். ஆரணிக்கு ஏழு மாதம் என்றாய். பிள்ளை பிறக்கும்போது எங்களை அங்கே வரச் சொன்னாய். நான் உடனே பிள்ளை பெற்றவளுக்கு என்ன சரக்குத்தூள் இடிக்க வேண்டும், எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும் என்று தொடங்கிவிட்டேன். நீ என்னை மறித்தாய்.

“அம்மா, ஒண்டு சொல்லோணும். நீங்கள் வாங்கோ. பிள்ளையைத் தூக்குங்கோ, குளிப்பாட்டுங்கோ. ஆனா உங்களோட பிள்ளையைத் தனிய விடமாட்டம். அஞ்சு நிமிசமும் விடமாட்டம்.”

“ஆர் சொன்னது, ஆரணியோ?”

“இல்லை. நான்தான்.”

எனக்குக் காலில் இருந்து கோபம் ஏறியது. உனக்கு அது போனில் கேட்டிருக்கும். உன் மூச்சு நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. முப்பது வயது ஆம்பிளை, கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் கை வரும் என்று காத்திருந்தாய். சமையலறை மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “சரி” என்றேன்.

“கோவமோ அம்மா?”

“ஓம், கோவம்தான்” என்றேன். “ஆனா சரி.”

அதற்குமேல் அன்று எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது வருகிறது. ஒரு மாதம் அங்கே நின்றால் நான் நல்லவளாக இருப்பேன். பிள்ளை என் தோளில் நித்திரையாகும். ஆரணிக்கு என் மேல் இரக்கம் வரும், உனக்கும் வரும். கடைக்குப் போய்விட்டு ஓடிவருகிறோம், பத்து நிமிடம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். நானே கேட்பேன், அழுதும் கேட்பேன்: நான் உன்னைப் பெத்தவள், என்னை இன்னும் நம்பவில்லையா என்று கேட்பேன். அப்போது பிள்ளையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு கடைக்குப் போ.

அம்மா